மூன்றாம் மாடிக்குக் குரல் கொடுத்தல்

ஞாயிறு, காலை 5.40. எங்கள் தோட்டத்து லயத்திலிருந்து யட்டியாந்தோட்டைக் கடைவீதிக்கு நான்கு கிலோமீற்றர். முச்சக்கரவண்டிக்கு நானூறு ரூபா கேட்பார்கள்; இறக்கம்தானே என்று நடந்தே வந்தோம். பையை நான் தூக்கிக்கொண்டேன். சான்றிதழ்க் கோவையை அக்கா மார்போடு அணைத்தபடி பின்னால் வந்தாள். இரவு பெய்த மழை ஓய்ந்திருந்தது. றப்பர் மரங்களில் கட்டிய சிரட்டைகளில் மழைநீர் நிறைந்திருந்ததைப் பார்த்து, நாளைக்கும் பால் வெட்டு இல்லாமல் போய்விடுமோ என்று ஒரு தடவை சொன்னாள். வழியெல்லாம் அவள் பேசியது அவ்வளவுதான்.

பஸ் உறுமத் தொடங்கியபோது கோவையை யன்னல் வழியாக என்னிடம் நீட்டினாள்.

"கொழும்புலருந்து வர்றவங்க எல்லாம் பை நெறைய சாமானோட வருவாங்க. நீ சனிக்கெழம வெறுங்கையோட வா தம்பி. அது போதும்."

இதன் பொருளை வாசகருக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வெள்ளவத்தையில் ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகம் என்னை ஆறு மாதப் பயிற்சிக்கு ஏற்றிருந்தது. தங்குவதற்கு இடம் கேட்ட வீடுகளெல்லாம் ஆறு மாத வாடகையை முற்பணமாகக் கேட்டன. அது எங்களால் ஆகாத காரியம். ஒரேயொரு வீட்டு அம்மாள் மட்டும் முற்பணம் வேண்டாம், ஒரு கிழமை இருந்து காட்டட்டும், சனிக்கிழமை முடிவு சொல்கிறேன் என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார். அவர் வேண்டாம் என்றால் என் பை என் தோளிலேயே திரும்பி வரும். பயிற்சியும் அத்தோடு முடியும். வேண்டும் என்றால் பை அங்கேயே இருக்கும்.

எனக்கு அப்போது அச்சம் இருக்கவில்லை. மாகாண மட்ட விவாத அரங்கில் இரு முறை சிறந்த பேச்சாளனாகத் தெரிவானவன் நான். கடைசி வாங்கில் இருப்பவரின் காதுக்குப் பேசு என்பது எங்கள் அணியின் விதி. ஒலிவாங்கி பழுதாகிப் போன மண்டபங்களிலும் வென்றிருக்கிறேன். ஒரு வீட்டுக்காரரின் நன்மதிப்பை ஏழு நாளில் பெறுவது என்ன பெரிய வழக்கு என்று எண்ணியிருந்தேன்.

காலை 7.05. கரவனெல்லைச் சந்தியில் ஒருவர் ஏறி என்னருகில் அமர்ந்தார். பெயர் மாணிக்கம், ஐம்பது வயது இருக்கும். புளத்கொகுபிட்டியப் பக்கத்துத் தோட்டத்துக்காரர், கொழும்பில் துணிக்கடையொன்றில் வேலை. எந்தத் தோட்டம் என்று கேட்டார். மேல் டிவிசனா கீழ் டிவிசனா என்று கேட்டார். லயத்தின் இலக்கத்தை நான் சொன்னதும் அங்கே தமக்கு மச்சான் முறையில் ஒருவர் இருப்பதைக் கண்டுபிடித்தார். அதன் பிறகுதான் தம் பையைத் தூக்கி என் மடியில் வைத்தார்.

நான் போகும் காரியத்தைக் கேட்டுவிட்டு, என் கோவையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர் சிரித்தார்.

"பேச்சுக்காரருங்களா. கொழும்புல அதுக்கு வேலை இல்லீங்க தம்பி. பன்னெண்டு வருசமா இருக்கேன், பக்கத்து அறைக்காரன் பேரு தெரியாது."

"கேட்டுப் பாக்கலீங்களா?"

"கேட்டா, இவன் என்னமோ கடன் கேக்கப் போறான்னு நெனைப்பான். சரி, அவிசாவளை தாண்டுனதும் தூங்கிருவேன். கோட்டை வந்தா எழுப்புங்க."

சொன்னபடியே தூங்கினார். அவிசாவளையில் ஏறிய கூட்டத்தை, "இஸ்ஸரஹட்ட யன்ட, இஸ்ஸரஹட்ட" என்று நடத்துனர் முன்னால் தள்ளினார். முன்னால் போக இடமில்லை என்று தெரிந்தும் எல்லாரும் ஓர் அங்குலம் நகர்ந்தார்கள். கொஸ்கம, ஹங்வெல்ல, ஹோமாகம, மகரகம. மாணிக்கம் அண்ணனின் தலை என் தோளில் இருந்தது. இரண்டு பைகள் என் மடியில் இருந்தன. எழுபது கிலோமீற்றருக்குச் சற்று அதிகம், கட்டணம் இருநூற்று எழுபது ரூபா, நேரம் நான்கு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. புறக்கோட்டையில் இறங்கியபோது என் வலது கால் மரத்திருந்தது.

முற்பகல் 11.15. காலி வீதி வழியாகச் செல்லும் பஸ்ஸில் வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தேன். ஒவ்வொரு ஒழுங்கையின் முடிவிலும் ஒரு துண்டுக் கடல் தெரிந்தது. நான்கு மாடிக் கட்டடம். மாடிக்கு இரண்டு வீடுகள். எல்லாவற்றுக்கும் ஒரே படிக்கட்டு. நான் போக வேண்டியது மூன்றாம் மாடி.

இங்கே எங்கள் லயத்து வழக்கம் ஒன்றைக் கூற வேண்டும். லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா. முன்னால் இஸ்தோப்பு என்று நாங்கள் சொல்லும் சிறு தாழ்வாரம். அந்த ஒற்றை அறையில்தான் உறங்குகிறோம், உடை மாற்றுகிறோம், நோயாளியைக் கிடத்துகிறோம். ஆகவே ஒரு வீட்டுக்குப் போகிறவர் முப்பது படி கீழே நிற்கும்போதே குரல் கொடுக்க வேண்டும். உள்ளே இருப்பவர் சேலையைச் சரிசெய்வதற்கும், பாயைச் சுருட்டுவதற்கும், அழுதுகொண்டிருந்தால் முகம் துடைப்பதற்கும் அந்த முப்பது படி அவகாசம். குரல் கொடுக்காமல் வாசலில் வந்து நிற்பவனைப் பற்றி எங்கள் பக்கத்தில் நல்லவிதமாக யாரும் பேச மாட்டார்கள்.

ஆகவே கட்டடத்தின் கீழ்ப்படியில் பையை வைத்தேன். மேலே பார்த்தேன். மூன்றாம் மாடி, இரும்புக் கதவு, உள்ளே வயதான பெண்மணி. எல்லாவற்றையும் கணித்துக் குரலை எடுத்தேன்.

"வீட்டுல யாருங்க? யட்டியாந்தோட்டையிலருந்து வந்திருக்கேங்க. மேல வரலாங்களா?"

சீமெந்துப் படிக்கட்டு என் குரலை வாங்கிப் பெருக்கிற்று. இவ்வளவு எதிரொலி எந்த மண்டபத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை. கீழே ஒரு கதவு திறந்தது. முதல் மாடியில் இரண்டு திறந்தன. சாரம் உடுத்திய வெண்தலைப் பெரியவர் ஒருவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி என்னைப் பார்த்தார். பிறகு மேலிருந்து, உதட்டில் விரலை வைத்தபடி, ஓர் அம்மாள் வேகமாக இறங்கி வந்தார்.

"தம்பி, இஞ்ச பெல் இருக்கு," என்றார், மூச்சு வாங்க. "பெல் அடிச்சுப்போட்டு நிண்டால் போதும்."

அவர்தான் பரமேஸ்வரி அம்மா. யாழ்ப்பாணத்தவர், அறுபதைக் கடந்தவர். எனக்குத் தந்த அறை துப்புரவாக இருந்தது. கட்டில், மேசை, மின்விசிறி, கடலைப் பாராத ஒரு யன்னல். எதிரே இன்னோர் அறை. அதில் அவருடைய கணவர் இருக்கிறார், பக்கவாதம் வந்து இரண்டு ஆண்டாகிறது என்று ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்தார். அந்தக் கதவு சாத்தியே இருந்தது. வானொலிச் செய்தி மட்டும் அதன் அடியால் கசிந்து வந்தது.

திங்கள், காலை 8.10. அலுவலகம் நடைதூரம்தான். புறப்படும்போது, "அம்மா, வேலைக்குப் போயிட்டு வர்றேங்க" என்றேன். மாலையில், "கடைக்குப் போயிட்டு வர்றேங்க" என்றேன். திரும்பி வந்து, சவர்க்காரம் வாங்கினேன் என்றேன். மூன்றாவது தடவை அவர் கையிலிருந்த சுளகைக் கீழே வைத்தார்.

"எனக்கேன் தம்பி எல்லாம் சொல்லுறீர்? நீர் போய் வாறதுக்கு நான் கணக்கு வைக்கிறனோ?"

கடிந்து சொல்லவில்லை, உண்மையிலேயே விளங்காமல் கேட்டார். எங்கள் பக்கத்தில் எதிர்ப்படும் எவரும், எங்க போறீங்க என்று கேட்பார்கள். கேளாமல் போனால் ஏதோ மனத்தாங்கல் என்று பொருள். இங்கே கேட்பதுதான் மனத்தாங்கலை உண்டாக்குகிறது. அலுவலகத்தின் மின்தூக்கியில் இருந்த ஐவருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் சொன்னேன். நால்வர் தங்கள் கைபேசியைப் பார்த்தார்கள். ஒருவர் தமக்குப் பின்னால் யாரேனும் இருக்கிறார்களா என்று பார்த்தார். நான்கு மாடியும் அந்த வணக்கம் எங்களோடு மேலே வந்தது.

செவ்வாய். எழுதும்படி ஒன்றும் நடக்கவில்லை. குளிப்பதற்கு ஒரு சிறு அறை, ஒரு வாளி. எங்கள் பீலியில் நான்கு பேர் நின்று, மலையிலிருந்து விழும் தண்ணீரோடு போட்டிபோட்டுப் பேசிக் குளிப்போம். இங்கே குவளை வாளியில் இடிபடும் ஓசைகூட அடுத்த வீட்டுக்குப் போகும் என்று அம்மா கூறியிருந்தார். மெதுவாகக் குளிப்பது இவ்வளவு களைப்பான வேலை என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

புதன், மாலை 6.30. தோட்டத்தில் தொலைபேசித் தொடர்பு கிடைப்பது கோவிலுக்குப் பின்னாலுள்ள பாறையில்தான். புதன்கிழமை அதில் ஏறி நின்று பேசுவதாக அக்கா சொல்லியிருந்தாள். அங்கே காற்று, பாதிச் சொல்தான் வந்து சேரும். அவள் கத்தினாள். நானும் பலகணியில் நின்று கத்தினேன். சாப்பிட்டாயா என்பதை மூன்று தடவை கேட்டாள். சாப்பிட்டேன் என்பதை நான்கு தடவை சொன்னேன். மழையால் இரண்டு நாள் பால் வெட்டு இல்லை என்றாள். வீட்டுக்காரம்மா என்ன சொல்கிறார் என்று அவள் கேட்டபோது அழைப்பு மணி அடித்தது.

முதல் மாடிப் பெரியவர். கட்டடத்தின் நிர்வாகக் குழுவில் இருப்பவர். சிங்களத்தில், மிக மெதுவாகப் பேசினார். பேத்தி பரீட்சைக்குப் படிக்கிறாள் என்றார். முன்பு இந்த வீட்டில் தங்கியிருந்த பையன்களைப் பற்றி ஒரு கடிதம் அனுப்ப வேண்டி வந்தது, இரண்டாவது கடிதம் எழுதத் தமக்கு விருப்பமில்லை என்றார். சிங்களம் எனக்கு இரண்டாம் தாய்மொழி. முறையாக மன்னிப்புக் கேட்டேன். மன்னிப்பையும் மண்டபக் குரலிலேயே கேட்கிறேன் என்பது, அவருடைய உள்ளங்கை என் முகத்துக்கு நேரே மெல்ல உயர்ந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

அவர் போன பிறகு பரமேஸ்வரி அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார்.

"உம்மை நான் குறை சொல்லேல்லை. அது உம்மட குணமில்லை, பழக்கம். ஆனா ரெண்டாவது கடிதம் வந்தால் இந்த வீட்டில நான் ஒருத்தரையும் வைச்சிருக்கேலாது. இவரின்ர மருந்து அந்த அறை வாடகையிலதான் ஓடுது."

சிறிது நேரம் கழித்து எழுந்து போய் வாசற்கதவுத் திறப்பு ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மணி அடித்தால் கணவர் திடுக்கிடுகிறார் என்றார். இனி நானே திறந்துகொண்டு வரலாம், சத்தமில்லாமல்.

சனிக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது.

வியாழனும் வெள்ளியும் நான் சத்தமின்றி வாழப் பழகினேன். திறப்பைத் துவாரத்தில் வைத்துச் சற்றே மேலே உயர்த்தித் திருப்பினால் பூட்டு ஓசையெழுப்பாது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டால் மூன்று மாடியையும் காற்றைப் போல ஏறலாம். அலுவலகத்தில் எனக்கு மொழிபெயர்க்கத் தந்த கடிதங்களும் அத்தகையவைதான். அவற்றில் எவரும் எவரையும் கூப்பிடுவதில்லை, அறியத்தருகிறார்கள். காலி வீதியில் நடக்கும்போது மனத்துக்குள் ஒரு விவாத அரங்கு நடத்தினேன். குரல் கொடுத்து வருவதே மரியாதை என்று ஓர் அணி. குரல் எழுப்பாது வருவதே மரியாதை என்று மற்றோர் அணி. இரண்டு அணிக்கும் நானே தலைவன். இரண்டு பக்கமும் வலுவாக வாதிட்டேன். தீர்ப்புச் சொல்ல எவரும் வரவில்லை. நுளம்பு கடித்ததுதான் மிச்சம். இரண்டு மணித்தியாலம் தொடர்ந்து பேசியும் கட்டாத என் தொண்டை, பேசாதிருந்த இரண்டு நாளில் கட்டிக்கொண்டது.

வெள்ளி மாலை அக்காவுக்கு நான் அழைப்பு எடுக்கவில்லை. குறுஞ்செய்தி மட்டும் அனுப்பினேன். பதில் வரவில்லை, அவள் பாறையில் ஏறியிருக்க மாட்டாள்.

சனி. பையைக் காலையிலேயே கட்டிக் கதவோரம் வைத்தேன். முடிவு எதுவானாலும், அம்மா சொன்ன பிறகு அவர் முன்னிலையில் உடுப்பு மடிக்கும் நிலை எனக்கு வேண்டாம். அரை நாள் வேலை. ஒரு மணிக்கு வருவேன் என்று அவருக்குத் தெரியும். அன்று மின்சாரம் தடைப்பட்டதால் அலுவலகம் முன்னதாகவே எங்களை அனுப்பிவிட்டது.

முற்பகல் 11.20. செருப்பைக் கையில் எடுத்து மூன்று மாடியும் ஏறினேன். திறப்பை உயர்த்தித் திருப்பினேன். பூட்டு ஓசையெழுப்பவில்லை, கதவும் அப்படியே. அந்த ஒரு கிழமையில் நான் செய்தவற்றுள் மிகச் செம்மையாகச் செய்தது அதுதான்.

முன்னறையில், பலகணி வெயில் விழும் இடத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் அவருடைய கணவர் இருந்தார். உடம்பில் துணியில்லை. ஒரு கை மடியில் தானாகக் கிடந்தது. அம்மா தரையில் முழங்காலிட்டு, தலைமுடி அவிழ்ந்து முதுகில் கிடக்க, ஈரத் துணியால் அவருடைய தொடையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்தபடியே யாரிடமோ கதைப்பது போல மெல்ல ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். குரலில் அழுகை இருந்தது. எனக்கு முதுகு காட்டியிருந்ததால் அம்மா என்னைக் காணவில்லை. கணவர் கண்டார். அந்த மனிதரின் கண்கள் மட்டும் என் பக்கம் திரும்பின. கையால் தம்மை மூட முயன்றார். கை வரவில்லை.

பின்னால் நகர்ந்து கதவைச் சாத்தினேன். இரண்டாம் மாடித் திருப்பம் வரை இறங்கினேன். செருப்பைப் போட்டுக்கொண்டேன். அங்கே எவ்வளவு நேரம் நின்றேன் என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. முப்பது படி அவகாசம் எதற்காக என்று எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் ஒரு வீட்டுக்குள் அப்படிப் போய் நின்றவன் எங்கள் லயத்தில் எவனும் இல்லை.

பிறகு குரலை எடுத்தேன். கடைசி வாங்குக்கு அல்ல. ஒரு கட்டுப் படி ஏறி, ஒரு கதவைத் தாண்டி, அங்கேயே நின்றுவிடும் அளவுக்கு.

"அம்மா, நான்தாங்க. வந்துட்டேங்க. மேல வரலாங்களா?"

எந்தக் கதவும் திறக்கவில்லை. உள்ளே நாற்காலி நகர்ந்தது.

"பொறும் தம்பி. அஞ்சு நிமிசம்."

ஐந்து நிமிடம் பத்தாயிற்று. இப்ப வாரும் என்ற பிறகு போனேன். தரை துடைக்கப்பட்டிருந்தது. அம்மா முடியை முடிந்திருந்தார். கணவர் வெள்ளைச் சாரமும் சட்டையும் அணிந்து அதே நாற்காலியில் இருந்தார். அவரை என் முன்னால் அம்மா இருத்தியது அதுவே முதல் தடவை. நான் கைகூப்பினேன். அவருடைய தலை சற்று அசைந்தது.

அம்மா ஈரத் துணியைப் பிழிந்தபடி கேட்டார்.

"முதல் ஒருக்கா உள்ள வந்தனீர், என்ன?"

"ஆமாங்க. தப்புத்தாங்க அம்மா."

"திறப்பைத் தந்தது நான்தானே." துணியைக் கொடியில் போட்டார். "ஞாயிற்றுக்கிழமை நீர் கீழ நிண்டு கூப்பிட்டது இவருக்குக் கேட்டிருக்கு. வீட்டுக்கு ஆக்கள் வந்திருக்கினம் எண்டு பின்னேரம் வரைக்கும் கதவையே பாத்துக்கொண்டு கிடந்தவர். எங்கட வீட்டுக்கு ஆர் வருகினம்?"

நான் அவருடைய கணவரின் பக்கம் திரும்பி மறுபடியும் கைகூப்பினேன்.

"இனிமேல் அந்தத் திருப்பத்தில நிண்டு ஒருக்காச் சொல்லிப்போட்டு வாரும். இப்ப சொன்ன மாதிரி, மெதுவா," என்றார் அம்மா. பிறகு கதவோரம் இருந்த பையைப் பார்த்தார். "இதை ஏன் கட்டி வைச்சிருக்கிறீர்? ஊருக்குப் போறதெண்டால் போயிட்டு வாரும். பை இஞ்ச கிடக்கட்டும்."

பிற்பகல் 1.30. புறக்கோட்டையில் பஸ். அதே இருநூற்று எழுபது ரூபா. மடியில் எதுவும் இல்லாததால் இருபுறமும் இருந்தவர்கள் தங்கள் பைகளை என் மடியில் வைத்தார்கள். நான் எந்தத் தோட்டம் என்று எவரையும் கேட்கவில்லை. கேட்கக் களைப்பாக இருந்தது. ஹங்வெல்ல தாண்டி மழை பிடித்தது. யட்டியாந்தோட்டையில் இறங்கும்போது ஐந்தரை. நான்கு கிலோமீற்றர் ஏற்றம்.

கொழும்புக்கும் எங்கள் ஊருக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு மேடையில் கேட்டால் அரை மணித்தியாலம் பேச என்னால் முடியும். போன ஞாயிறு நிச்சயம் பேசியிருப்பேன். இப்போது எனக்குத் தெரிவது ஒன்றுதான். அங்கும் ஒரு வீட்டுக்குள்ளே சேலையைச் சரிசெய்ய நேரம் வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சுவர் மட்டும் எங்களைவிடக் கூடுதல்.

லயத்துக்குக் கீழே, முப்பதாவது படியில் நின்று குரல் கொடுத்தேன். மழையிரைச்சலில் அது எடுபடவில்லை. இரண்டாவது தடவையும் கூப்பிட்டேன். நாய் ஒன்றுதான் தலையைத் தூக்கியது. மூன்றாவது தடவை பக்கத்துக் காம்பரா அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"யாருப்பா அது? நம்ம பேச்சாளரா? தொண்டையக் கொழும்புலயே வச்சிட்டு வந்துட்டீங்களா?"

அந்தக் குரல் கேட்டு அக்கா இஸ்தோப்புக்கு வந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் என் தோளைப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும்.

"பை எங்கடா?"

"அங்கேயே இருக்கு அக்கா."

அவள் திரும்பி உள்ளே போனாள். நான் மேலே ஏறவில்லை, படியிலேயே நின்றேன். அவள் முகம் துடைத்துவிட்டு, "சரி, வா" என்று கூப்பிடும் வரை நனைந்துகொண்டு நின்றேன்.